உவர்மேட்டில் ஒருத்தி கூடுதல்

இந்தக் கதையைப் பதினொரு வருஷங்களாக நான் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் எங்கிருந்தும் வராமல் ஒரு காலையில் ஓர் ஊரில் இருக்க ஆரம்பித்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். நேற்றுப் பார்த்த பக்கத்தில் இல்லாத ஓர் எழுத்து இன்று வந்து உட்கார்ந்திருப்பதும், அதை யாரும் அச்சுக் கோக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வதும் எனக்குப் பழகிப்போனவை. என் சந்தேகம் கதையின் கடைசியில் ஓரிடத்தில் இருக்கிறது. எனக்குச் சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல, அதனால்தான் அது இத்தனை வருஷம் உறுத்தியது. அதைக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேனா, கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேனா என்பது இப்போதும் தெளிவாகத் தெரியவில்லை.

சொன்னவர் பெயர் ஹெப்சிபா. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், நோய் எப்படிப் பரவும், எப்போது தணியும், எங்கே மறித்தால் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை அவருக்கு. சுகாதாரப் பணியாளர்களுக்காக அவர் எழுதிய ஒரு கைப்புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. மின்சாரம் போயிருந்த ஒரு மதியத்தில், எந்திரம் ஓடும்வரை காத்திருந்த நேரத்தில், ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இதைச் சொன்னார். உவர்மேட்டுக்கு முதல்முறை போனபோது அவருக்கு வயது இருபத்தொன்பது, இதைச் சொன்னபோது நாற்பது.

உவர்மேடு உப்பளத்து ஊர். மூன்று பக்கமும் வெள்ளைப் பாத்திகள், நான்காவது பக்கம் ஒரு தார் ரோடு, இரண்டு மைல் தள்ளிக் கடல். சுற்றிலும் தண்ணீர் இருந்தது, அதில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. ஐந்து நாளைக்கு ஒருமுறை மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் ஒரு மணி நேரம் நல்ல தண்ணீர் வரும், அந்த ஒரு மணி நேரத்தில் ஊரே ஓடும், மீதி நான்கு நாளும் ஊரே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும். ஊரில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு பேர். அந்த வருஷம் வைகாசியில் டைபாய்டு வந்து, ஆனி முடிவதற்குள் நாற்பத்தொரு பேர் படுத்து, இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை என்றானபோதுதான் ஹெப்சிபாவை அனுப்பினார்கள்.

அவருடைய முறை எளிது. ஊரை மூன்று தொட்டிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோய் இன்னும் வராதவர்கள் ஒன்றில், வந்து கிடப்பவர்கள் ஒன்றில், வந்து போனவர்கள் ஒன்றில். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு ஆட்கள் எந்த வேகத்தில் வழிகிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதினால், கட்டத்தாளில் ஒரு கோடு எழுந்து வளைந்து இறங்கும். தினமும் படுத்தவர்களின் எண்ணிக்கையைப் புள்ளிகளாக வைத்தால், கோடு அந்தப் புள்ளிகள் வழியாகப் போக வேண்டும். போனால், நாளை வரப்போகும் புள்ளி எங்கே விழும் என்று இன்றே சொல்லலாம். சொன்னால், விழாமல் தடுக்கலாம்.

உவர்மேட்டில் கோடு போகவில்லை. புள்ளிகள் மேலே இருந்தன, கோடு கீழேயே ஊர்ந்தது. நான்கு முறை குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார். நான்கு முறையும் சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறியது, அதாவது குளோரின் போதுமான அளவு இருந்தது. ஊரில் பத்துப் பேருக்கு மேல் சமைத்துப் போடுகிற எல்லோரையும் சோதித்தார். அவர்களிலும் கிருமி உள்ளவர் யாரும் இல்லை. தண்ணீர் சுத்தம், ஆட்கள் சுத்தம், நோய் மட்டும் இருந்தது. அப்போது அவர் கணக்குக்காரர்கள் செய்கிற ஒன்றைச் செய்தார். தனக்கு வராமல் பிறருக்குக் கொடுக்கிற ஒருவர், சமைத்துப் பரிமாறுகிறவர், பெரும்பாலும் பெண், வயது நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள், நாளொன்றுக்குப் பதினேழு பேரோடு பழகுகிறவர், யார் கண்ணிலும் இன்னும் படாதவர் என்று ஓர் ஆளை நினைத்துக்கொண்டு, 2317க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் குறியும் ஒன்றும் போட்டார். கோடு எழுந்து எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போனது. அந்தக் கணக்கை அப்படியே அறிக்கையாக டைப் செய்து மேலே அனுப்பினார், அப்படி ஓர் ஆளைத் தேடச் சொல்லி உவர்மேட்டுக்கும் தகவல் கொடுத்தார்.

மறுநாள் காலையில் உவர்மேட்டு நர்சம்மா அருள்கனி போன் செய்தாள்.

“மேடம், நீங்க தேடுன ஆளு இங்கதான் இருக்காவ. உப்புக் கம்பெனி குவார்ட்டர்ஸ் பதினாலாம் நம்பர்ல அரிசி களைஞ்சிக்கிட்டு இருக்காவ.”

“அது பூட்டிக் கெடந்த வீடுல்ல? நேத்து இருந்தாங்களா?”

“நேத்து இல்ல.”

“அப்புறம் எப்படி?”

“இன்னைக்கு இருக்காவ மேடம். அதான் சொல்லுதேன்லா, வாங்க.”

ஹெப்சிபா போனார். நாற்பத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண், கைகள் ஈரம், காதில் சிறிய கம்மல், பெயர் தங்கபுஷ்பம். வந்தவரை உட்காரச் சொல்லி ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள்.

“உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்று ஹெப்சிபா கேட்டார்.

“தெரியலியேம்மா. நீங்க எதுவும் எழுதலியா?”

“இல்ல. ஊரெல்லாம் எழுதல.”

“அப்பம் இந்த ஊருன்னே வச்சுக்கிடுங்க.”

ஊர் அப்படியே வைத்துக்கொண்டது. உவர்மேட்டுக்காரர்களுக்கு வேலை அதிகம், ஆச்சரியப்பட நேரம் குறைவு. சூரியன் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டும், ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் குத்தும். ஒரு வாரத்துக்குள் தங்கபுஷ்பத்துக்கு ஒரு பழைய காலமும் கிடைத்துவிட்டது, அதை ஊர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்தது. உடன்குடியில் தன் சித்தி மகள் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, புருஷன் தோணியில் போய் வராமல் போனவள், பாவம், என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டும் சரியாகவே இருக்கும் என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, சித்திரையில் நடந்த காதுகுத்து வீட்டில் சாம்பார் வாளி தூக்கியவளே தங்கபுஷ்பம்தான் என்று பலருக்கும் நினைவு வந்தது. முதலில் படுத்த ஆறு பேரும் அந்தக் காதுகுத்தில் சாப்பிட்டவர்கள். கணக்கில் அவள் சித்திரையிலிருந்தே இருந்தாக வேண்டும், ஆகவே ஊரின் ஞாபகத்திலும் இருந்தாள். ரேஷன் கடையில் மட்டும் ஒரு சிறு சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் எடை போட்டுப் பார்த்தபோது ஓர் ஆளின் அரிசி அதிகமாக இருந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது, அதற்கும் பழகிக்கொண்டார்கள். ஒரு நாளில் பதினேழு பேரோடுதான் பேசுவாள். பதினெட்டாவது ஆள் எதிரே வந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோவாள்.

“இன்னைக்குத் தங்கபுஷ்பத்துக்கிட்ட ஒரு விசயம் கேக்கணுமே” என்று ஒருத்தி சொன்னால், “இப்பம் மணி நாலாச்சு, பதினேழு முடிஞ்சிருக்கும். நாளைக்கு வெள்ளன போயி நில்லு” என்று அடுத்தவள் சொல்வாள்.

“மேடம், எங்க வீட்டுக்காரிக்கும் இந்த மாதிரி ஒரு கணக்குப் போட்டு எழுதிருங்க” என்று பஞ்சாயத்துத் தலைவர் தவசிமுத்து கேட்டார். “சண்டை போட ஒரு நாளைக்குப் பதினேழு பேருதான்னு. நான் பதினெட்டாவதா போயி நின்னுக்கிடுதேன்.”

பதினேழு பேருக்கு மட்டும் காது கொடுக்கிறவள் பேச்சு வாங்கக் கிடைக்காத சரக்குபோல ஆனது. பங்காளிச் சண்டையை அவளிடம் கொண்டுபோனார்கள். உப்பு வாரப் போகும் தாய்மார் பிள்ளைகளை அவள் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பதினேழில் சேராது என்று எப்படியோ தீர்மானமாகியிருந்தது. அவளுக்கு உடம்புக்கு எதுவும் வருவதில்லை. மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினாள், மறுநாளும் அப்படியே இருந்தாள். மலப் பரிசோதனைக்கு மூன்று முறை அனுப்பினார்கள். டைபாய்டுக் கிருமி வளரவில்லை. எந்த மனிதக் குடலிலும் இருக்க வேண்டிய சாதாரணக் கிருமிகள்கூட அந்தத் தட்டில் வளரவில்லை என்று ஆய்வகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது, ஹெப்சிபா அதை மடித்துக் கோப்பில் வைத்தார்.

நோயைச் சுமப்பவள் என்று தெரிந்தும் ஊர் அவளை ஒதுக்கவில்லை. ஒழுங்கு செய்துகொண்டது. அவள் யாருக்கும் சமைத்துப் போடக் கூடாது. அவள் போகும் வீடுகளில் வாசலில் சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருக்க வேண்டும். அவளே அதைச் சிரித்துக்கொண்டு செய்தாள். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. வைகாசியிலிருந்து பயந்து பயந்து தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தவர்கள் காய்ச்சுவதை நிறுத்தினார்கள். காரணம் ஓர் ஆளாகத் தெருவில் நடந்து போகும்போது, போகிற வழியில் நம்மை நலம் விசாரிக்கும்போது, விறகைச் செலவழித்துத் தண்ணீரை எதற்குக் காய்ச்ச வேண்டும்?

ஆடியில் இறங்க வேண்டிய புள்ளிகள் ஆவணியில் ஏறின. படுத்தவர் எண்ணிக்கை எழுபது ஆனது. கடைசித் தெரு இசக்கியம்மாளின் மகள், ஏழு வயது பேச்சித்தாய், பதினெட்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். உள்ளே குடலில் ஓட்டை விழாமல் பிழைத்தது பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்தபோது தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அம்மா சீப்பை எடுத்தாலே அழுகிற பிள்ளை, தங்கபுஷ்பம் கையை வைத்தால் மட்டும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஹெப்சிபா எப்போதும் துறை ஜீப்பில் வருவார், வருவதை முந்தைய நாளே அருள்கனிக்குச் சொல்லிவிடுவார். ஒரு நாள் ஜீப்பை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சொல்லாமல், காலை பஸ்ஸில் வந்து ஏழரைக்கு இறங்கினார். அது தண்ணீர் வரும் நாள். ரோட்டிலேயே அவருக்கு ஓர் இரைச்சல் கேட்டது. தேனீக் கூட்டம் ஒன்று ஊரைக் கவிழ்த்து மூடியிருப்பதுபோல, எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே சுருதியில் வந்தது. தலைவர் தவசிமுத்து வாசலில் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் கோழி மூடுகிற பஞ்சாரம் ஒன்றை எடுத்துத் தரையில் எதன் மேலோ கவிழ்த்தார்.

“தலைவரே, என்ன சத்தம் இது?”

“எது மேடம்?”

“இந்த இரைச்சல்.”

“அதுவா? கடல் மேடம்.”

“கடல் ரெண்டு மைல் தள்ளி இருக்கு.”

“இன்னைக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்திருக்கும்.”

பஞ்சாரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா குனிந்து அதைத் தூக்கினார். உள்ளே குழாயில் மாட்டிய அரை எச்.பி. மோட்டார் ஒன்று தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அன்று அவர் வீடு வீடாக எண்ணியபோது ஊரில் நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்கள் இருந்தன. குழாய் முப்பது வருஷத்துப் பழசு, பாதித் தூரம் சாக்கடைக்குள் ஓடியது, பல இடத்தில் வெடிப்பு. தானாக ஓடினால் தண்ணீர் வெடிப்பு வழியாக வெளியே கசியும். நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்கள் உறிஞ்சினால் சாக்கடை வெடிப்பு வழியாக உள்ளே வரும்.

“நான் தண்ணி எடுத்த நாலு நாளும் இது எங்க இருந்துச்சு?”

“கழட்டி உள்ள வச்சிருந்தோம்.” தலைவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. “நீங்க வாற அன்னைக்கு மோட்டாரப் போட்டு உறிஞ்சிக்கிட்டு இருந்தா அது மரியாதையாவா மேடம் இருக்கும்?”

அபராதத்துக்குப் பயந்து மறைத்தார்கள் என்பது பாதி. மீதிப் பாதி இதுதான். வந்த விருந்தாளியின் முன்னால் பேராசையைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஊரே, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல், நான்கு முறையும் மோட்டாரைக் கழற்றிப் பஞ்சாரத்திலும் அரிசிப் பானையிலும் வைத்தது. நான்கு முறையும் சுத்தமான தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தது. ஹெப்சிபா அங்கேயே ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டார். மஞ்சள் வரவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார்ந்து, மோட்டார்களையும் தண்ணீர் வந்த நாட்களையும் சேர்த்துச் சமன்பாட்டை மறுபடி எழுதினார். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டது, ஆவணியில் ஏறியவற்றையும் தொட்டது. கூடுதல் ஆளுக்குச் செய்ய எந்த வேலையும் மிச்சமில்லை. அருள்கனி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு தெரியாது.

“மேடம், அப்பம் தங்கபுஷ்பம் மதினி?” என்றாள்.

விஷயம் மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் நிழலில் கூடினார்கள். கோபமாக யாரும் பேசவில்லை. தலைவர் எல்லோருக்காகவும் பேசினார்.

“மேடம், எல்லா மோட்டாரையும் கழட்டிருதோம். தப்பு எங்க மேலதான். நீங்க அவள மட்டும் விட்டுருங்க.”

ஹெப்சிபாவுக்கும் அது போதும் என்றே தோன்றியது. மோட்டார் இல்லாவிட்டால் நோய் நிற்கும். நோய் நின்றுவிட்டால், கோப்புக்குள் கிடக்கிற ஓர் அறிக்கையில் ஓர் ஆள் அதிகமாக இருப்பதால் யாருக்கு என்ன? நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்களையும் கிட்டங்கி வாசலில் குவித்தார்கள். அடுத்த இரண்டு முறை தண்ணீர் தானாக வந்தது. மேலத் தெருவில் நான்கு குடம், நடுத்தெருவில் இரண்டு, கடைசித் தெருவில் குழாய் இருமிவிட்டு நின்றது. மூன்றாவது முறை கடைசித் தெருவில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் மெல்லிய இரைச்சல் வந்தது. யாரும் போய்த் திட்டவில்லை; அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நான்காவது முறை குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் படுத்தார்கள்.

புதுக் குழாய் ஒன்றுதான் வழி. அதற்கு எழுதிப் போட்டார். குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. நோய்க்குக் காரணம் ஒரு தனிநபர் என்று சுகாதாரத் துறையே அறிக்கை கொடுத்திருக்கிறது, ஆகவே குழாய் மாற்ற முகாந்திரம் இல்லை, முந்தைய அறிக்கையில் குறிப்பிட்ட நபர் இல்லை என்று எழுத்து மூலம் தெரிவித்தால் பரிசீலிக்கலாம். ஹெப்சிபா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உவர்மேட்டுக்குப் போனார். யாரையும் கூப்பிடவில்லை. தங்கபுஷ்பம் பின்மதிய வெயிலில் உப்பள வரப்பில் நின்றிருந்தாள்.

“என்னம்மா, மூஞ்சி வாடிக் கெடக்கு. சாப்ட்டியளா?”

“சாப்பிட்டேன்.”

“சாப்புடல. சரி, சொல்லுங்க. நான் இல்லன்னு எழுதணுமாக்கும்?”

“யார் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. வேலை இல்லாம நிக்க ஆளுக்கு அது தெரியாமலா இருக்கும்?” வரப்பிலேயே உட்கார்ந்தாள், பக்கத்தில் தட்டிக் காட்டினாள். “எழுதிட்டா பிள்ளைகளுக்குச் சொகமாயிருமா?”

“படுத்திருக்கிறவங்களுக்கு மருந்துதான். புதுசா யாருக்கும் வராது. குழாய் மாத்துவாங்க.”

“அப்பம் எழுத வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து என்கிட்ட கேக்கிய?”

“கேக்கணும்னு தோணிச்சு.”

“என்னைய மொதல்ல எழுதும்போது கேட்டியளா?”

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

“அழாதிய. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்குப் பதினேழு பேரு, அம்புட்டும் மனுசங்க. எப்பம் எழுதுவிய?”

“நாளைக்கு.”

“நாளைக்கா?” தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “பேச்சித்தாய்க்கு நாளைக்குத் தலை சீவி விடுதேன்னு சொல்லிருக்கேன். சரி, போங்க. பஸ்ஸு வந்துரும்.”

அதற்கு மேல் ஹெப்சிபா என்னிடம் விரிவாகச் சொல்லவில்லை. அந்த ஒன்றை அழித்தேன், புது அறிக்கையை அனுப்பினேன், வரப்பில் பேசியதற்கு மறுநாள் மத்தியானம் அருள்கனி போன் செய்து, மதினி இல்ல மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள் என்றார். ஆறு மாதத்தில் புதுக் குழாய் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தது. டைபாய்டு போனது. ஹெப்சிபா பிறகு எத்தனையோ ஊர்களுக்குக் கணக்குப் போட்டார், எத்தனையோ காய்ச்சல்களை வரும் முன்பே மறித்தார். உவர்மேட்டுக்கு மட்டும் போகவில்லை. “ஒரு ரப்பர வச்சு ஒரு மனுஷிய அழிச்சவ நான்” என்று சொல்லிவிட்டு, குடிக்காத தேநீரை மேஜையில் வைத்தார். அப்போது மின்சாரம் வந்து, எந்திரம் ஓட ஆரம்பித்தது.

நான் ஏன் உவர்மேட்டுக்குப் போனேன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. போன மாசியில், வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். கடைசித் தெருவில் இசக்கியம்மாளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தங்கபுஷ்பத்தின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“அன்னைக்கு ரொம்ப வெள்ளனயே வந்துட்டாவ அண்ணாச்சி. நான் இன்னும் முத்தம்கூடப் பெருக்கல. என்ன மதினி, கோழி கூப்புடுமுன்ன வாறியன்னு கேட்டேன். இன்னைக்கு நேரமில்லட்டி, பிள்ளைய எழுப்புன்னாவ. இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்து சீவுனாவ. ஒரு முடி உதுரல, அவ்வளவு பைய. பாதி சீவும்போது கம்பெனியில ஏழு மணிச் சங்கு ஊதுனாம்லா, அப்பம் பிள்ளை சொல்லுது, யத்த, ஏன் நிப்பாட்டிட்டன்னு. நான் திரும்பிப் பாக்கேன், சீப்பு தலையிலேயே நிக்கி. ஆளில்ல.”

“ஏழு மணிச் சங்குதானா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“எங்களுக்கு அந்தச் சங்குதான அண்ணாச்சி கடிகாரம். அது ஊதுனா பாத்தியில நிக்கணும். அன்னைக்குத்தான் நான் போகல.”

பேச்சித்தாய் இப்போது திருமணமாகி ஆறுமுகநேரியில் இருக்கிறாளாம். அவளுக்கு முடி இடுப்புவரை இருக்கிறது என்று இசக்கியம்மாள் போட்டோ காட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பழைய சந்தேகம் முழுசாக உருவம் கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. ஆனால் அந்தக் கணக்குத் தாளும் பென்சிலும் ரப்பரும் ஹெப்சிபாவின் பையிலேயே இருந்திருக்கும். முந்தைய நாள் பஸ்ஸிலேயே அழித்திருக்கலாம், விடிந்ததும் வீட்டில் வைத்து அழித்திருக்கலாம். ஏழுக்கு முன்பு என்றால், இத்தனை வருஷம் அவர் எதைச் சுமந்தாரோ அது அவருடையதுதான். ஏழுக்குப் பின்பு என்றால், அவர் யாரையும் அழிக்கவில்லை. ஹெப்சிபாவின் கை அழுக்காகக் கூடாது என்று நினைத்து ஒருத்தி தானாகவே எழுந்து போயிருக்கிறாள், அழித்தது வெறும் ஓர் எண்ணைத்தான். இரண்டில் எது லேசானது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிழையை இருபத்திரண்டு வருஷம் கழித்துத் திருத்தினால் அந்தப் பக்கம் தாங்குமா என்றும் தெரியவில்லை. இசக்கியம்மாளும் தலைவரும் அருள்கனியும் அறிந்த ஒன்றை, அறிய வேண்டியவரிடம் யாரும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கலாம் என்றும் யோசித்தேன். மரியாதை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சென்ற மாதம் கைப்புத்தகத்தின் திருத்திய பதிப்புக்காக ஹெப்சிபா அச்சகத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கண்ணாடி தடித்திருந்தது, ஓய்வுபெற இன்னும் சில வருஷங்கள்தான். புரூஃப் தாள்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கம்வரை காத்திருந்தேன். பேனாவை மூடிவிட்டு, இன்னும் எதுவும் பார்க்க இருக்கிறதா என்று நிமிர்ந்தார். உவர்மேட்டுக்குப் போயிருந்ததைச் சொன்னேன். இசக்கியம்மாளைச் சொன்னேன், சீப்பைச் சொன்னேன், சங்கு ஊதியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மேடம்,” என்றேன், “நீங்க அந்த ஒண்ண அழிக்கும்போது மணி என்ன?”